பட்டுச்சேலையோடு ஒற்றைக் காலில் நின்றேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணியில், எனக்குக் கல்யாணம் முடிந்து நாலாம் நாள் செய்கிற நாலாம் சடங்கன்று பின்னேரம் நடந்தது இது. இடம், வேலணையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கடல்நீரேரி.

கணவர் கனடாவிலிருந்து வந்தவர். சுற்றிவரப் பறவைகள் பறக்க, நடுவே நாங்கள் நடந்து வருகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான். கரையில் 'பறவைகள் பாதுகாப்புப் பகுதி' என்று பலகை நட்டிருந்தது. அது துவக்கோடு சுட வருகிறவர்களுக்கு, பட்டுச்சேலையோடு வருகிறவர்களுக்கில்லை என்று எண்ணி இறங்கிவிட்டோம்.

தண்ணீர் வற்றிச் சேறு காய்ந்து கிடந்தது. தூரத்தில் கூழைக்கடாக்கள், மேலே ஆலாக்கள். கரையில் நின்று படம் எடுக்க நாங்கள் கூட்டி வந்தவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த நேரம், நீளச் சிவப்புக் கால்களோடு ஒரு பறவை எனக்கு முன்னால் விழுந்து, ஒரு செட்டையை முறிந்த சிறகு போல இழுத்து இழுத்துக் கத்தியது. செருப்பை எறிந்துவிட்டு அதைத் தூக்க ஓடினேன். கிட்டப் போகப் போக அது தள்ளிப் போனது.

"தங்கச்சி, அப்பிடியே நில்லுங்கோ. காலைக் கீழ வையாதையுங்கோ."

கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர்தான் கத்தினார். தூக்கிய காலுக்குக் கீழே பார்த்தேன். சேற்று நிறத்தில் நாலு முட்டைகள்.

"அண்ணை, பறவைக்குச் செட்டை முறிஞ்சிட்டுது" என்றார் கணவர்.

"முறியேல்லைத் தம்பி, தன்ரை முட்டையிலயிருந்து உங்களை விலத்த நடிக்குது. காலுக்குக் கீழ கிடக்கிறது வேறயொண்டின்ரை, இஞ்ச முழுக்க முட்டைதான். தாய் எழும்பி நிண்டா வெயிலில வெந்துபோம். வந்த அடியிலயே காலை வைச்சுக் கெதியாத் திரும்புங்கோ."

ஒன்றைக் காப்பாற்றப் போய், அதன் அயலவர் குடும்பத்தை மிதிக்கப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்து, எங்கள் அடிகளைத் தேடித் தேடி நடந்தோம். கரைக்குக் கிட்டக் காய்ந்த சேற்றின் மேற்பாளம் உடைந்து கணவர் இடுப்பளவு சேற்றில் புதைந்துவிட்டார். "சிரிச்சது காணும், கையைத் தாரும்" என்றார். சிரிப்பில் என்னால் கையை நீட்டவே முடியவில்லை.

கரையேறித் திரும்பிப் பார்த்தோம். செட்டை முறிந்த நோயாளி நல்ல சுகமாக நடந்து போனது. இன்னொன்று தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த நாலு முட்டைகள் மேல் மெல்ல அமர்ந்தது. அவற்றைக் குளிர்விக்கத்தான் அந்த ஈரம் என்று வலைக்காரர் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றும் யாருக்காவது உதவப் போகிறேன் என்று அவசரமாகக் கிளம்பும்போதெல்லாம், காலடியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.