மாலை போடாத கார்த்திகை

முதலில் வந்தது கெண்டைக்கால் வலி. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறவன் நான். அடி அண்ணாமலையை நெருங்கும்போது இடது கெண்டைக்காலை ஈரத்துணிபோல் யாரோ முறுக்கிப் பிழிவார்கள். அங்கே ஒரு டீக்கடையில் நின்று டீ குடித்து, சிகரெட் பற்றவைப்பேன். அது முடிவதற்குள் வலி போயிருக்கும்.

"ஒரு தம் அடிச்சாதான் கால் சொன்ன பேச்சு கேக்குது" என்று கடைக்காரரிடம் பெருமையடித்திருக்கிறேன். வலி கூடக்கூட சிகரெட்டும் கூடியது. மருந்து என்றல்லவா நினைப்பு.

செங்கம் சாலையில் எனக்குத் தையல் கடை. மிஷினை மிதித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். வெறுங்காலில் சுற்றியதில் பெருவிரலில் கல் குத்திய புண் ஒன்று ஆறவே இல்லை. விரலின் ஓரம் கறுத்தது. சட்டைகளுக்குப் பட்டன் துளை, காஜா, எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி வசந்தாதான் அதைப் பார்த்துவிட்டு, மறுநாளே வேலூருக்குப் பஸ் ஏற்றினாள்.

அங்கே ஒரு பெண் மருத்துவர் காலைத் தொட்டுத் தொட்டு நாடி தேடினார். வெகுநேரம் தேடினார். பர்ஜர் நோய் (புகைப்பதால் கை கால்களின் சிறிய ரத்தக்குழாய்கள் வீங்கி அடைபடுவது) என்றார். சிகரெட்டை விடாவிட்டால் அழுகல் (ரத்தம் போகாத சதை செத்துப்போவது) ஏறும், முதலில் விரலை எடுக்கவேண்டி வரும், பிறகு பாதத்தை.

"சிகரெட் குடிச்சா வலி கம்மியாகுதே மேடம்?"

"நீங்க நின்னீங்க, அதனால கம்மியாச்சு. சிகரெட் குடிக்காம நின்னிருந்தாலும் கம்மியாகியிருக்கும்."

நான் நம்பவில்லை. ஆனால் விடுவதைப் பற்றி அப்போது பயமும் இல்லை. ஆண்டுதோறும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவன். மாலை கழுத்தில் ஏறிய கணம் சிகரெட் ஆசை எங்கே போகுமென்றே தெரியாது. டீ மட்டும் வழக்கம்போல் ஓடும்.

"அடுத்த வாரம் கார்த்திகை பொறக்குது. மாலை போட்டுட்டா தானா நின்னுடும்" என்றேன்.

"மாலை போட்டா செருப்பு போடுவீங்களா?"

வசந்தாதான், "வெறுங்கால்தாங்க" என்றாள்.

"இந்தப் புண்ணோட வெறுங்கால்ல ஒரு அடி வைக்கக் கூடாது. மாலை இல்லாம விடுங்க."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உதறல் எடுத்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியை அந்தக் காலே அடைத்துவிட்டது.

மருத்துவர் டீயை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் டீ தொண்டையில் இறங்கியதும் விரல்கள் தானாகச் சட்டைப்பையைத் தடவின. மாலை போட்டிருந்த நாட்களில் இப்படி நடந்ததே இல்லை. ஆகவே இரண்டையும் ஒன்றாக விட்டேன். பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தலையை நாடா போட்டு இறுக்கியதுபோல் வலி. கை நடுங்கி ஊசியில் நூல் ஏறவில்லை, வசந்தா கோத்துக் கொடுத்தாள். ஒரு ஜிப்பாவுக்கு இரண்டு கைகளையும் இடது கையாகவே வெட்டிவிட்டு, துணி சரியில்லையென்று கொடுத்தவரிடமே சண்டை பிடித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அந்த நிலையில் இருந்தால் ஒன்று சொல்கிறேன். அந்த நடுக்கமும் எரிச்சலும் நோய் முற்றியதால் வருபவை அல்ல, விட்டதால் வருபவை. எனக்கு இது தெரியாமல், உடம்பு மொத்தமும் கெட்டுவிட்டதென்று நடுங்கினேன்.

பெரிய பயம் காலையில்தான். எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் காலை நீட்டுவேன். வசந்தா நூல்கண்டுப் பெட்டியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கண்டாக விரலருகே பிடிப்பாள். ஒரு துணிக்கு நூல் பொருத்தும் அதே வேலை. கருநீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் நின்றது விரல்.

"நேத்து இதே கண்டுதானா?"

"இதேதாங்க."

"பொய் சொல்றே."

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது? விரல் போனா நான்தானே மிஷின் மிதிக்கணும்." சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அந்தக் கார்த்திகையிலும் இருமுடிப் பை தைக்க சாமிமார்கள் வந்தார்கள். "இன்னா சாமி, இந்த வருஷம் மாலை போடலியா?" என்று ஒருவர் கேட்டார். செருப்புக் காலை மிஷினுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். கழுத்தில் இன்ச் டேப்தான் தொங்கியது. பொறாமையாக இருந்தது. அவர்கள் சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய கையோடு டீக்கடைக்குப் போய்ச் சிகரெட் பற்றவைப்பார்கள். நானும் அப்படித்தான் போனவன். கழற்றும் நாள் தெரிந்ததால்தான் அத்தனை சுலபமாக இருந்திருக்கிறது. இப்போது எனக்கு அந்த நாளே கிடையாது.

மாசியில் ஒரு காலை வசந்தா கருநீலக் கண்டை வைத்துவிட்டு மெரூனை எடுத்தாள். வாய்விட்டுச் சொன்னால் கறுப்பு திரும்பிவிடுமோ என்று இருவருக்கும் பயம். நகம் பாதி விழுந்தது. புண் மூடியது. விரல் தங்கியது.

சித்திரை முடிந்து மருத்துவர் மெதுவாக நடக்கச் சொன்னார், செருப்போடு. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு சாயங்காலம் வசந்தாவோடு கிளம்பினேன். மலையைப் பார்த்துக்கொண்டு செருப்புக் காலோடு நடக்கக் கூச்சமாக இருந்தது. பழைய டீக்கடைக்கு எதிரே வந்ததும், சொல்லிவைத்ததுபோல் கெண்டைக்கால் முறுக்கியது. எனக்கு வியர்த்துவிட்டது.

"என்ன டைலரே, ஆளையே காணோம். வழக்கமா குடிக்கிறதுதானே?" கடைக்காரர் கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாம்ணா. சும்மா நிக்கறேன்."

நின்றேன். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வசந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கியது, கடைக்காரர் அதை இறக்கிவைத்தார். வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இல்லாமல் போயிற்று. முன்பு ஒரு சிகரெட் எரியும் நேரத்தில் போன அதே வலி. வெறுமனே நின்றதற்கே போய்விட்டது.

"போலாமா?" என்றாள் வசந்தா.

எனக்கு அழுகை வந்தது. இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்றேன்.