வாயைத் திறக்காமல் பெற்ற வேலை

2024 நவம்பர் 7, வியாழக்கிழமை, பிற்பகல் 2 மணி 9 நிமிடம். சிங்கப்பூரின் தெம்பனிஸில் பெருமழை. பேருந்து நிறுத்தத்தில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். என் குடை, சற்று முன் என்னை இறக்கிவிட்ட பேருந்திலேயே, இருக்கைக் கம்பியில் தொங்கியபடி போய்க்கொண்டிருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓட்டுநர் நிறுத்தியிருப்பார். நான் போடவில்லை. அன்று கந்த சஷ்டியின் ஆறாம் நாள், சூரசம்ஹாரம். விடிந்ததிலிருந்து எனக்கு மௌன விரதம். இன்னும் இருபத்தொரு நிமிடத்தில் அதே மூடிய வாயோடு நான் ஒரு வேலைக்கான நேர்காணலில் உட்கார வேண்டும்.

அன்று முருகன் எனக்குச் செய்ததை அன்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி. எண்களை நான் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

என் பெயர் வேலாயுதம். அப்போது வயது அறுபத்தெட்டு. குவீன்ஸ்டவுனில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றின் சாமான் கிடங்கில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். என் மனைவி ருக்மணிக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டேன். 1,131 நாள் பார்த்துக்கொண்டேன். பிறகு அவள் போய்விட்டாள்.

அதன்பின் வீட்டில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. கதவிலிருந்து மின்தூக்கிவரை நாற்பத்தாறு அடி. அதை எத்தனை முறை எண்ணுவது? மகன் செல்வம் மாதம் தவறாமல் பணம் போட்டான், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் நான் எழுந்தாலும் எழாவிட்டாலும் இந்தச் சிங்கப்பூரில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

வேலை தேடினேன். நான்கு இடங்களில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நான்கிலும் முதல் கேள்வி ஒன்றுதான். "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்."

இதைப் போல ஒரு கேள்வி உண்டா? திருகாணி எத்தனை வகை என்று கேளுங்கள், சொல்கிறேன். என்னைப் பற்றி என்றால் எங்கிருந்து தொடங்குவது? நான் அப்பா கப்பலேறி வந்ததிலிருந்து தொடங்குவேன். பள்ளிக்கூடம், முதல் சம்பளம், எனக்குப் பதவி உயர்வு தராத மேலாளர், அவர் செய்த அநியாயம், அதற்கு நான் எழுதிய கடிதம். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் ஓடியிருக்கும், நான் இன்னும் முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டேன். மூன்றாவது இடத்தில் ஓர் இளைஞர் ஆறு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் எண்ணினேன். ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை.

நேர்காணலுக்குப் பயிற்சி தரும் வகுப்புக்குப் போனேன். "இரண்டே நிமிடம். உங்களை நீங்களே விற்க வேண்டும். மனைவியின் நோயைப் பற்றிப் பேசாதீர்கள், சொந்தக் காரணம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியர். நான் விற்பனைக்கு வைத்த சரக்கு அல்ல என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பாவையும் மேலாளரையும் ருக்மணியையும் எடுத்துவிட்டால் மிச்சம் யார்? எனக்கே தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போனேன். முருகனிடம் உரக்கவே கேட்டேன். "ஒரே ஒரு நேர்காணல் கொடு. அங்கே பேச நல்ல வார்த்தை கொடு. சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஆறாம் நாள் விடிந்ததிலிருந்து சூரன் விழும்வரை வாயைத் திறக்க மாட்டேன்." எதற்காக மௌனத்தை வேண்டிக்கொண்டேன் என்றால், என்னிடம் கொடுப்பதற்கு இருந்ததே பேச்சு ஒன்றுதான். "உங்க வாய்தாங்க உங்களுக்குச் சூரன்" என்று ருக்மணி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். இந்த ஆயிரத்தை மட்டும் நான் எண்ணவில்லை.

நவம்பர் 4, விரதத்தின் மூன்றாம் நாள், தொலைபேசி வந்தது. தெம்பனிஸில் மசாலாச் சாமான் மொத்த வியாபாரக் கிடங்கு. கிடங்குக் கணக்குக்கு ஆள் தேவை, வாரத்தில் மூன்று நாள். பேசியவர் மிஸ் கோ என்ற இளம்பெண். வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு வர முடியுமா என்றார். "கட்டாயம் வருகிறேன்" என்று சொல்லி வைத்த பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

மறுநாள் நானே கூப்பிட்டு நாளை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "கேன்னாட் லா, அங்கிள். தர்ஸ்டே லாஸ்ட் டே" என்றார்.

அதிலிருந்து ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். சிராங்கூன் ரோட்டில் பூக்கடை வைத்திருக்கும் நடராசன் என் பழைய நண்பர். மாலை கட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, முருகன் என்ன பார்க்கிங் சம்மன் போடுறவரா? ஒரு பழத்த வச்சு, அடுத்த மாச சஷ்டிக்கு மாத்திக்கிறேன்னு சொல்லிடுங்க. டேட் மாத்துற மாதிரிதானே."

"டேட்ட மாத்த மாட்டேன்னது அந்தப் பொண்ணு. முருகன் ஏன்யா மாத்தணும்?"

"அப்ப வேலை போனா?"

"போகட்டும்."

"பேசாம இருந்துருவீங்களாக்கும்! நீங்க! இத பாக்கவே நான் கடைய மூடிட்டு வரணும்லா."

செல்வம் கோபப்பட்டான். "அப்பா, இன்டர்வியூல போய் வாயத் திறக்காம உக்காந்தா, ஸ்ட்ரோக்குன்னு நெனச்சு ஆம்புலன்ஸ் கூப்பிட்டுருவாங்க. பேசாம வீட்ல ரெஸ்ட் எடுங்கப்பா. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"ரெஸ்ட் எடுக்குறதுக்கு நான் என்ன களைச்சா போயிட்டேன்?"

நான் இறங்கிப் போகவில்லை. ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிய பிறகு, கொடுப்பதாகச் சொன்னதை நாள் சரியில்லை என்று தள்ளிப்போடுவது என்ன நாணயம்? ஆனால் முருகன் மேலும் எனக்குக் கோபம்தான். சாமி படத்துக்கு முன் நின்று சொன்னேன். "கூப்பிட வைத்தவன் நீ. நாளைக் குறித்தவனும் நீ. இனி உன் பாடு." புதன்கிழமை ஒரு குறிப்பேடும் பேனாவும் வாங்கினேன்.

நனைந்துபோய்த்தான் அந்த அறைக்குள் நுழைந்தேன். மிஸ் கோவும் கிடங்கு மேலாளர் கமாலுதீனும் இருந்தார்கள். கமாலுதீன் தமிழர், நான்கு தலைமுறையாக இங்கே வியாபாரம் செய்யும் குடும்பம். வீட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதி, பையில் நனையாமல் வைத்திருந்த தாளை நீட்டினேன். "இன்று எனக்கு மௌன விரதம். காது கேட்கும். எல்லாக் கேள்விக்கும் எழுதிப் பதில் தருகிறேன்." இருவரும் படித்தார்கள்.

"அங்கிள், திஸ் இஸ் அன் இன்டர்வியூ லா" என்றார் மிஸ் கோ.

கமாலுதீன் சிரிக்கவில்லை. "ஐயா, நாளைக்கு லாரிக்காரன் வந்து நின்னா, அவன்கிட்டயும் இப்படித்தான் எழுதிக் காட்டுவீங்களா?"

எழுதினேன். "வருஷத்தில் 364 நாள் பேசுவேன்."

"நாங்களும் நோன்பு வைக்கிறவங்கதான். ஆனா வேலையும் பாக்குறோம்."

"நானும் வேலை பார்க்கத்தான் வந்திருக்கிறேன்" என்று எழுதி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். வைத்த வேகத்தில் மேசை கொஞ்சம் சத்தம் போட்டது. போடட்டும்.

அவர் மிஸ் கோவைப் பார்த்துத் தலையசைத்தார். மிஸ் கோ கேட்டார், அதே கேள்வி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

பேனாவைத் திறந்தேன். அப்பா கப்பலேறிய கதையை எழுத வேண்டுமென்றால் அந்தக் குறிப்பேடே போதாது. நான் எழுதுவதும் மெதுவாகத்தான். ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் என்றால், தேவையில்லாத வரியை எவன் எழுதுவான்? மேலாளரின் அநியாயம் தானாகவே கழன்று விழுந்தது. "எண்ணுவது என் வேலை. முப்பத்து மூன்று ஆண்டு கிடங்கில் இருந்தேன். என் எண்ணிக்கை தப்பினால் மறுபடி எண்ணாமல் வீட்டுக்குப் போனதில்லை." மூன்று வரி. எழுதி முடித்ததும் நானே படித்துப் பார்த்தேன். ஆமாம், நான்தான்.

இடையில் மூன்றாண்டுக்கு மேல் வேலை பார்க்கவில்லையே, ஏன் என்று மிஸ் கோ கேட்டார். வகுப்பு ஆசிரியரின் குரல் காதில் கேட்டது. சொந்தக் காரணம் என்று எழுதப் போனேன். எழுத வரவில்லை. விரத நாளில் கையும் பொய் சொல்லக் கூடாதல்லவா? எழுதினேன். "என் மனைவிக்கு நோய். ஒரு நாளைக்குப் பத்தொன்பது மாத்திரை, ஐந்து வேளை. 1,131 நாள் கொடுத்தேன். ஒன்றும் தவறவில்லை. ஒன்றும் மாறிப்போகவில்லை."

மிஸ் கோ அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கமாலுதீனிடம் நகர்த்தினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே மழைச் சத்தம் மட்டும். நான் குறிப்பேட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"ஓகே அங்கிள், வாட் இஸ் யுவர் வீக்னஸ்?" என்றார் மிஸ் கோ.

"நான் அதிகம் பேசுவேன்."

முதலில் அந்தப் பெண்தான் சிரித்தாள். பிறகு கமாலுதீன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மையைத்தானே எழுதியிருந்தேன்.

மொத்தம் ஏழு கேள்வி, இருபத்து மூன்று வரி. இருவரில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து ரயிலில் டோபி காட் நிலையம், இறங்கி டேங்க் ரோடு. கோயிலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். மாலை 6.38க்குப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. பார்த்தால் கிடங்கின் எண். சூரன் இன்னும் விழவில்லை. பக்கத்தில் நின்ற நடராசனும் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, எடுங்க! அந்த வேலை விஷயமாத்தானே? சரி, என்கிட்டயாவது குடுங்க, நான் பேசுறேன்!"

தலையாட்டி மறுத்தேன். வேண்டிக்கொண்டவன் நான். இன்னொருவர் வாயைக் கடன் வாங்கினால் அது என்ன மௌனம்? தொலைபேசி அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. மறுபடி அடங்கியது. "உங்கள மாதிரி ஒரு மனுசன நான் பாத்ததில்ல" என்று நடராசன் தலையில் அடித்துக்கொண்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்படியும் எடுக்கவில்லை. வேல் பாய்ந்து சூரன் சாய்ந்தபோது மணி 7.14. அன்று என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "முருகா". இரண்டாவது சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை ஒன்பது அடிக்கும்போது கூப்பிட்டேன். "அங்கிள், ஒய் நெவர் பிக் அப்?" என்றார் மிஸ் கோ. "அப்ப சாமி இன்னும் முடியலம்மா" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "ஓ யா, யூ கேன்னாட் டாக்!" என்றவர், திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

கொஞ்ச மாதம் கழித்துத் தேநீர் நேரத்தில் கமாலுதீன் சொன்னார். "நான்தான் அவள ஆறரைக்கு மேல கூப்பிடச் சொன்னேன். நீங்க எடுத்திருந்தீங்கன்னா மறுநாளே வேற ஆள் பாத்திருப்பேன்." முகத்தில் சிரிப்பு இருந்தது. விளையாட்டுக்குச் சொன்னாரா, மெய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஐந்தரைக்கு எழுகிறேன். மிளகாய் மூட்டை, மல்லி மூட்டை எல்லாம் என் எண்ணிக்கையில் ஏறி இறங்குகின்றன. மற்ற நாட்களிலும் முன்பு போல் பேசுவதில்லை. யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் மூன்று வரியில் முடித்துவிடுகிறேன். செல்வம் பயந்துபோய், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தான். அடுத்து வந்த சூரசம்ஹாரத்தன்று கிடங்குப் பலகையில் யாரோ எழுதியிருந்தார்கள்: "இன்று வேலு அங்கிள் பேச மாட்டார். சண்டை போட விரும்புகிறவர்கள் நாளை வரவும்."

நல்ல வார்த்தை கொடு என்று நான் கேட்டேன். முருகன் என் வாயைப் பூட்டி, உள்ளே கிடந்ததை எடுத்துக் கொடுத்தான். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தாம் யாருக்கும் வேண்டாதவர் என்று நினைக்கும் என் வயதுக்காரர்களே, ஒரு தடவை அவனிடம் கேட்டுப் பாருங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் கொடுப்பதாகச் சொன்னதை அந்த நாளிலேயே கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு வருவதை அவன் பார்த்துக்கொள்வான்.

எனக்கு ஆன செலவு: குறிப்பேடும் பேனாவும் மூன்று சிங்கப்பூர் வெள்ளி ஐம்பது காசு. ரயிலும் பேருந்தும் இரண்டு வெள்ளி ஐம்பத்தைந்து. அர்ச்சனைத் தட்டு ஐந்து வெள்ளி. திரும்பி வராத குடை பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு. மொத்தம் இருபத்து மூன்று வெள்ளி தொண்ணூற்றைந்து காசு.