வெரேயாராவின் துணிச்சரங்கள்

நூரோவாவைக் கட்டிக்கொண்டு அகைத்தி ஐதுதாகித் தீவில் வந்து இறங்கியபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. சொந்த ஊர் வடக்கே இருக்கும் மனிஹிகித் தீவு. அங்கே பதினான்கு வருடம் முத்துப் பண்ணையில் வேலை பார்த்தவள். சிப்பிகளைக் கயிற்றில் கோத்துக் கடலுக்குள் இறக்குவது, சில மாதம் கழித்துத் தூக்கிப் பாசியைச் சுரண்டுவது, மறுபடி இறக்குவது. உள்ளங்கை முழுக்கச் சிப்பி கிழித்த தழும்புகள். படகு மோட்டாரை ஒற்றை ஆளாய்த் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வாள். ஊசி மட்டும் அந்தக் கைக்கு வசப்பட்டதே இல்லை.

நூரோவா படகு மெக்கானிக். முதல் மனைவி வெரேயாரா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல், பத்து வயது மகள் துவைனேயைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு மனிஹிகிக்கு வேலைக்கு வந்தவன். எட்டு மாதம் கழித்து அகைத்தியோடு திரும்பினான்.

துவைனே வாசலில் நின்று புதியவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்க எத்தனை நாள் இருப்பாங்கப்பா?"

"இனிமே இங்கதாம்மா இருப்பாங்க."

"அப்படீன்னா அந்தப் பெட்டியைத் தொடக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

சன்னலோரம் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் வெரேயாரா பாதியில் விட்டுப்போன ஒட்டுப்போர்வை. திவைவை என்பார்கள் தீவில். கல்யாணமோ சாவோ எதுவானாலும் திவைவை இல்லாமல் நடக்காது. அதை யாரும் கடையில் வைத்து விற்பதில்லை. மனசுக்கு வேண்டியவர்களுக்குத் தைத்துக் கொடுப்பதோடு சரி. வெரேயாராவைப் புதைத்த அன்று, அரைகுறையாய் இருப்பதையும் அவளோடு வைத்துவிடலாம் என்று பெண்கள் பேசியிருக்கிறார்கள். துவைனே பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தவள், சாயங்காலம் வரை இறங்கவே இல்லையாம்.

"தொட மாட்டேன்," என்றாள் அகைத்தி. பிள்ளையிடம் சொன்னதுதானே என்று அவள் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெருக்கும்போதுகூடப் பெட்டியைச் சுற்றித்தான் பெருக்கினாள்.

ஆனாலும் அந்தப் பிள்ளைக்குத் தன் கையால் ஏதாவது செய்து தர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வைப்பாயே கிராமத்துப் பெண்கள் தேவாலயக் கூடத்தில் பாய் விரித்துத் தைக்க உட்காருவார்கள். தெபாயெரு பெரியம்மாதான் தலைவி. எந்தத் துணிக்குப் பக்கத்தில் எந்தத் துணி வர வேண்டும் என்பதை அவள்தான் சொல்வாள். அகைத்தி தானாகவே போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

முதல் நாள் அவள் தைத்த பூவிதழைப் பக்கத்தில் இருந்த புவா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன் அகைத்தி, இது தையலா, நண்டு நடந்த தடமா?"

"கிண்டல் பண்ணாதே புவாக்கா. கயிறு குடு, எப்படி முடிச்சுப் போடறேன் பாரு."

"திமிங்கலத்தைக் கட்டவா? பூவைத் தைக்கச் சொன்னா நங்கூரம் போடுறா!"

கூடமே சிரித்தது. அகைத்தியும் சிரித்தாள். ஆனால் அவர்கள் அடுத்துச் சொன்னது மனசில் தைத்தது. "வெரேயாரா கை வருமா? அவ தைச்சா ஊசி போன இடமே தெரியாது." அதைச் சொல்லும்போது கூடத்து மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த துவைனே நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு பெருமை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ஒரு போர்வை ஆரம்பிக்கட்டுமா என்று அகைத்தி துவைனேயிடம் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தைக்க வேணாம் சித்தி. அம்மாது இருக்கு," என்று பதில் வந்தது. கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அகைத்தி அதோடு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமையை மட்டும் விடவில்லை. பதினொரு வருடம் போனாள். மாமியாரின் அடக்கத்துக்கு ஒன்று, நாத்தனார் மகன் தலைமுடி வெட்டும் சடங்குக்கு ஒன்று, ஆக்லாந்துக்குக் குடிபோன கொழுந்தனுக்கு ஒன்று என்று ஒன்பது போர்வைகள் அவள் வீட்டின் பெயரால் போயின. எல்லாம் பெண்கள் கூடித் தைத்தவை, அதில் அவள் தையலும் உண்டு. சமையலுக்காக மற்றவர்களுக்கு முன்பே எழுந்து வந்துவிடுவாள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் தன் பங்கு அத்தனை மோசமாகத் தெரியாது. கை கொஞ்சம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். அப்படியும் ஒவ்வொரு முறை ஊசி எடுக்கும்போதும், பார்த்திராத அந்த வெரேயாராவின் கைதான் கண்முன் வந்து நிற்கும்.

துவைனே வளர்ந்து, பதினெட்டில் ஆக்லாந்துக்குப் போனாள். அங்கே ஒரு பேக்கரியில் வேலை. சிறிய வீட்டில் நாலு பெண்களோடு இருந்ததால் பெட்டி ஊரிலேயே இருந்தது. "சித்தி, பெட்டி..." என்று விமான நிலையத்தில் ஆரம்பித்தாள். "தெரியும்," என்றாள் அகைத்தி.

அடுத்த மூன்றாம் வருடம் பிப்ரவரியில் புயல் வந்தது.

மதியத்திலேயே வானம் இருட்டிக்கொண்டது. கூரைத் தகடு ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்ததும், நூரோவா பிக்கப்பைக் கிளப்பிவிட்டு வாசலில் நின்று கத்தினான்.

"தேவாலயத்துக்குப் போயிடலாம், வா! எதையும் எடுக்காதே!"

அகைத்தி சன்னலோரத்துப் பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பைத்தியமா உனக்கு? அதை விடுடி, உயிர் முக்கியம்!"

"பேசிக்கிட்டு நிக்காதேய்யா. அந்தப் பக்கம் பிடி!"

இருவருமாய்ப் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். பாதி வழியில் சீமைப்பலா மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்துதான் தேவாலயம் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது, வீட்டுக்குக் கூரை இல்லை. வண்டி நின்ற இடத்தில் நின்றிருந்தது. பெட்டி அதில் பத்திரமாக இருந்தது. ஆனால் தூக்கியபோது அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தொலைபேசி வேலை செய்யவில்லை. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அகைத்தி பெட்டியை வெயிலில் வைத்து, மூடியைத் திறக்காமல் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வந்தது.

"திறந்துடு," என்றான் நூரோவா. "அவ புரிஞ்சுக்குவா."

"அவகிட்ட வாக்குக் கொடுத்தது நீயில்ல, நான்," என்றாள். பிறகு மண்டியிட்டு, "மன்னிச்சுக்கம்மா," என்று முணுமுணுத்துக்கொண்டு திறந்தாள். அது துவைனேக்குச் சொன்னதா வெரேயாராவுக்கா என்று நூரோவா கேட்கவில்லை.

உள்ளே போர்வையின் கால்பங்கு மட்டும் தைத்து முடிந்திருந்தது. மீதியெல்லாம் சரங்கள். கட்டைவிரல் அகலத் துணித்துண்டுகளை, தைக்க வேண்டிய வரிசைப்படி நூலில் கோத்து வைத்த சரங்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேலே. நூல் நனைந்து இற்றுப்போயிருந்தது. ஒரு சரம் அறுந்தால் அந்த வரிசையே போய்விடும். எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்று தெபாயெரு எப்போதோ சொன்னது, இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்தச் சரங்களில் மட்டும்தான் இருந்தது.

அகைத்திக்கு அப்போது ஒரு தெம்பு வந்தது. ஊசி வேலை தெரியாது. ஆனால் கயிற்றில் கோத்ததை வரிசை குலையாமல் மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பண்ணையில் ஆயிரக்கணக்கான சிப்பிகளை அப்படி மாற்றியிருக்கிறாள். தூண்டில் நரம்பை வெட்டி, பழைய சரத்தின் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் புதியதில் கோத்தாள். கடைசியில் எத்தனையாவது சரமோ அத்தனை முடிச்சு. கோத்ததை மழைநீரில் அலசி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய கொடியில் தொங்கவிட்டாள். கூரைக்குத் தார்ப்பாய் கட்டுவது, மற்ற வீடுகளுக்குச் சமைப்பது எல்லாவற்றுக்கும் இடையில் இந்த வேலை நடந்தது. முற்றமெங்கும் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சரங்கள் ஆடின.

கோக்கக் கோக்க வெரேயாராவின் வீடே அவள் கைவழியே போனது. நூரோவாவின் பழைய வேலைச்சட்டை, ஏதோ ஒரு திரைச்சீலை, மஞ்சளில் வெள்ளைப்பூப் போட்ட ஒரு குழந்தைச் சட்டை. எவ்வளவு நாள் உட்கார்ந்து வெட்டியிருப்பாள்! பார்க்காத ஒருத்தியிடம் இத்தனை பிரியம் வரும் என்று அகைத்தி நினைத்ததில்லை.

கடைசியாக, தைத்து முடிந்த கால்பங்கை அலசிக் காயப்போடும்போது, அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே தெபாயெரு வீட்டுக்குப் போனாள்.

"பெரியம்மா, இதைப் பாருங்க. இந்தப் பக்கம் தையல் முத்து முத்தா இருக்கு. இந்தப் பக்கம்..."

ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தையல் மேலும் கீழுமாய்ப் போயிருந்தது. ஒரு முடிச்சு சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது.

தெபாயெரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினாள். "அது வெரேயாரா தைச்சது."

"அப்ப நல்லா இருக்கிறது?"

"நாங்க தைச்சது. அவ வீட்டுக்குப் போனப்புறம் பிரிச்சு மறுபடி தைப்போம். கடைசி வாரத்துது பிரிக்கிறதுக்குள்ள அவ போயிட்டா, பாவம்."

"ஊசி போன இடமே தெரியாதுன்னு சொன்னீங்களே! பதினொரு வருஷமா!"

"அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டு இருந்தாளேடி. தாயில்லாப் பிள்ளைகிட்ட உங்கம்மாவுக்குத் தைக்கவே வராதுன்னா சொல்லுவாங்க? ஒரு தடவை சொல்லிட்டோம், அப்புறம் மாத்த முடியல."

அகைத்தி அந்தப் பெரிய முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"பெரியம்மா... நான் சமைக்கப் போனப்புறம்?"

தெபாயெரு தோட்டத்துச் சேம்பு இலைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன்னது இன்னும் கொஞ்சம் கஷ்டம். முடிச்சை அவுக்கவே முடியாது. புவா கத்தி கொண்டு வருவா."

அகைத்தி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அது நிற்கவே இல்லை. தான் தூக்கத்திலும் போட்டி போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் தன்னைப் போலவே ஒருத்தி. இருவரையும் ஒரு வார்த்தை நோகச் சொல்லாமல், இத்தனை பேர் வாரா வாரம் குனிந்து உட்கார்ந்து பிரித்துத் தைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. முதல் அழைப்பே துவைனேதான்.

"சித்தி! எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம். கூரைதான் போச்சு. துவைனே, நான் பெட்டியைத் திறந்துட்டேன்."

"பெட்டியையா சித்தி?"

"நனைஞ்சு போச்சும்மா. விட்டிருந்தா பூஞ்சை தின்னிருக்கும். உன்னைக் கேக்க வழியில்ல. ஒரு தையல் போடல, வேற நரம்புல மாத்திக் கோத்திருக்கேன், அவ்வளவுதான். ஒரு துண்டுகூட இடம் மாறல."

"எல்லாமும் இருக்கா?"

"எல்லாமும் இருக்கு. மஞ்சள்ல வெள்ளைப்பூ போட்ட உன் சட்டைகூட இருக்கு."

"எனக்கு அப்படி ஒரு சட்டை ஞாபகமே இல்லையே சித்தி."

"எப்படி இருக்கும்? உன் முழங்கை அளவுகூட இருந்திருக்காது அது."

துவைனே அழுவது கேட்டது. அகைத்தி மெல்ல, "இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதே. உங்கம்மா தையல் என்னுதைவிடக் கொஞ்சந்தான் பரவாயில்ல," என்றாள்.

"என்னது?"

நடந்ததையெல்லாம் சொன்னதும், அழுதுகொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "நீங்க எல்லாரும் சேர்ந்து தைங்க சித்தி. ஒரு மூலையை மட்டும் எனக்கு விட்டு வைங்க. வந்து நானும் தைக்கிறேன்."

ஆறு வார விடுப்பில் வந்தாள். பெண்கள் கூடத்தில் வட்டமாய் உட்கார, சித்தியும் மகளும் பக்கத்தில் பக்கத்தில். துவைனே தைத்த முதல் வரிசையைப் புவா தூக்கிக் காட்டினாள். "குடும்ப வழக்கம் மாறல!" இந்த முறை யாரும் ரகசியமாய்ப் பிரிக்கவில்லை. துவைனேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம் ஜூலையில் துவைனேக்கு வைப்பாயே தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளை லாஃபாயெலே, ஆக்லாந்தில் வளர்ந்த சமோவாப் பையன். விருந்துக் கூடத்தில் நாலு பெண்கள் நாலு முனையைப் பிடித்துப் போர்வையை விரித்தபோது சனங்கள் எழுந்து நின்றார்கள். யார் செய்தது என்று சபையில் சொல்ல வேண்டும். துவைனே தானே மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"இதை ஆரம்பிச்சது எங்கம்மா. காப்பாத்தினது என் சித்தி. ரெண்டு பேருக்கும் தைக்க வராது. எனக்கும் வராது. தைக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் முன்வரிசையில உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு முதல்ல சாப்பாடு போடுங்க."

கூடம் அதிர்ந்தது. அகைத்தி சேப்பங்கீரைத் தட்டைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

புதுத் தம்பதி விமானம் ஏறிய அடுத்த வெள்ளிக்கிழமை அகைத்தி கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பெண்கள் அத்தனை பேரும் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். புவா கையில் கருநீலமும் வெள்ளையுமாய்ப் புதுத்துணி.

"இது யாருக்குக்கா?"

"இந்த வீட்டிலிருந்து ஒன்பது போர்வை போயிருக்கு, இப்ப பத்து," என்றாள் தெபாயெரு, பாயை விரித்தபடி. "உன் கட்டில்ல கிடக்கிறது கடையில வாங்கின விரிப்பு. ஊர்ல எங்களுக்கு மானம் போகுது."

அகைத்தி ஊசியை எடுக்கக் கையை நீட்டினாள். புவா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "உனக்குன்னு தைக்கிறோம். நீ தொடாதே. போய் டீ போடு."

அது முடிய அடுத்த ஈஸ்டர் ஆயிற்று. கருநீலத்தில் வெள்ளைச் சிப்பிகள் வரிசையாய் இருந்தன. அதற்கடுத்த ஞாயிறு ஆராதனையில், நன்றி சொல்ல வேண்டியவர்களை மனதுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள் என்று போதகர் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்று கண்ணை மூடினார்கள். அகைத்தி வெரேயாராவில் தொடங்கினாள். தெபாயெரு, கத்தி கொண்டு வந்த புவா, துவைனே, பெட்டியின் அந்தப் பக்கத்தைப் பிடித்த நூரோவா என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. நூரோவா அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு அகைத்தி. எல்லாரும் உக்காந்து ரொம்ப நேரமாச்சு."

"கொஞ்சம் இருய்யா," என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல். "இன்னும் முடியல."