தாய்மாமன் மடியும் ஒரு டிராகனும்

“…பத்தே நிமிஷம் பொறுக்கா, டிராகனுக்கு இன்னும் கால்வாசி உசுருதான் பாக்கி!”

போன ஞாயிறு காலை பத்தேகால். எங்கள் சாரம் பகுதியில் நான் வழக்கமாகப் போகும் பிரவுசிங் சென்டர். பேசியவர் பக்கத்து நாற்காலி செல்வம். முப்பத்திரண்டு வயது, அரசாங்க உத்தியோகம். எதிரே அவருடைய அக்கா, பட்டுப்புடவையில். இடுப்பில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரு குழந்தை.

பக்கத்துத் தெருக் கோயிலில் அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து. பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. மடி தரவேண்டிய தாய்மாமனோ இங்கே! அக்கா, காது குத்த வந்த நகைப் பத்தரையும் கையோடு அழைத்து வந்திருந்தார் — தம்பியை அறிந்தவர்.

நானும் செல்வமும் ஆடுவது ஒரே ஆன்லைன் கேம்தான். ரகம்தான் வேறு. நான் அந்த உலகத்தில் மீன் பிடிப்பேன், குதிரையேறி ஊர் சுற்றுவேன், அலுத்தால் எழுந்து டீ குடிக்கப் போவேன். அவர் ‘ரெய்டு’ போகிறவர். இருபத்தைந்து பேர் கூடி ஒரு டிராகனை அடிப்பார்கள். அடிபட்டவர்களின் காயத்தை ஆற்றுவது செல்வத்தின் டியூட்டி. “இந்த சாரு… சும்மா மீன் பிடிக்கிறவரு” என்று ஒருமுறை என்னை அறிமுகப்படுத்தினார். ஏதோ நான் சீட்டாடிக் குடும்பத்தைக் கெடுத்தவன் மாதிரி!

சரி, இந்த மாவீரர்களின் லட்சணம் என்ன?

தலைவர் பிரான்சில் குடியேறிய நம்மூர்க்காரர். அவர் பிள்ளைகள் தூங்கி எழுவதற்குள் டிராகன் சாக வேண்டும். எனவே அங்கே விடிகாலை ஆறரை, இங்கே காலை பத்து. வருகைப்பதிவு உண்டு. லீவு வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே காரணத்தோடு எழுத வேண்டும். ஜுரத்தில் இரண்டு வாரம் வராமல் போன செல்வம், இன்னொரு முறை தவறினால் இடம் காலி. ஆபீசுக்குப் பதினொரு மணிக்கு ஆடி அசைந்து வருகிறவர், இதற்கு ஒன்பதே முக்காலுக்கே ஆஜர். வீட்டுக்கு அடங்காதது ஊருக்கு அடங்கும் என்பார்கள்… இது கடல் கடந்து போயல்லவா அடங்கியிருக்கிறது!

சென்டர் நடத்தும் கோவிந்தண்ணன் பழைய மில் தொழிலாளி. அவர் சொன்னதுதான் சொல்: “மில்லுல மேஸ்திரி திட்டுவான். ஆனா சம்பளம் குடுத்தான். கேக்கறதுக்கு சங்கம் இருந்துச்சி. இவங்களுக்கு இன்னா இருக்குது?”

இருக்கிறதே — ஒரு மந்திரக்கோல். டிராகன் செத்தால் கிடைக்குமாம், செல்வம் மூன்று மாதமாகக் காத்திருக்கிறார். தொட்டுப் பார்க்கக்கூட முடியாத வெறும் படம்! என்னைக் கேட்டால், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போக முடிகிறவரைதான் அது விளையாட்டு.

அக்கா விடவில்லை. “டேய், மாமன் மடியில ஒக்கார வெக்காம எப்பிடிடா குத்துறது? மாமியார் வூட்டு சனம் பூரா காத்துக்கினு இருக்குது.”

“நான் எழுந்தா இருபத்துநாலு பேரும் செத்துடுவாங்கக்கா!”

“செத்தா?”

“திரும்ப எழுந்து… மொதல்லருந்து அடிக்கணும்.”

“அவனுங்க செத்தா எழுந்துக்குவானுங்க. என் மானம் செத்தா எழுந்துக்குமாடா?”

செல்வத்தின் கண் திரையில். மணி பத்து இருபது.

அக்கா வாசல் பக்கம் திரும்பினார். “பத்தரே, உள்ள வாங்க.” குழந்தையைத் தூக்கித் தம்பியின் மடியிலேயே உட்கார வைத்தார். பிடித்துக்கொள்ள வேண்டிய மாமனின் இரண்டு கையும் கீ-போர்டில். நான் என் தூண்டிலை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய், குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசி இறங்கியது. குழந்தை வீரிட்டது. ஹெட்போனுக்குள் பிரான்ஸ் தலைவர் அதட்டினார்: “யார் வீட்ல அது சத்தம்?”

செல்வம் முதல்முறையாகக் கீ-போர்டிலிருந்து ஒரு கையை எடுத்தார். குழந்தையின் முதுகைத் தடவப் போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்…

மைக்கை அணைத்தார்.