பெயரில்லை, உள்ள வாங்க

எங்கள் கால்நடை மருத்துவமனையில் கணினியைப் பார்த்துக்கொள்பவருக்குக் காலியிடம் கண்டால் கை அரிக்கும். யாருடைய பேனாவாவது மூடியில்லாமல் கிடந்தால்கூட எழுந்து போய் மூடிவிட்டுத்தான் உட்காருவார். 'கட்டம்' என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் கோபம் வராது, பெருமைதான்.

டேட்டாபேஸில் விலங்கின் பெயருக்கான கட்டத்தை இனி யாரும் காலியாக விட முடியாதபடி பூட்டிவிட வேண்டும் என்பது அவருடைய இரண்டு வருடக் கனவு. பெயரில்லாத ஒரு பூனையின் ஊசியை இன்னொன்றுக்குப் போடப் பார்த்த பிறகு டாக்டரம்மாவும் சம்மதித்தார். ஆனால் பழைய பதிவுகளில் ஒன்று காலியாக இருந்தாலும் பூட்டு விழாது. இருந்தவை நாற்பத்தொன்று.

முதலில் குறுக்குவழி. எல்லாவற்றிலும் 'பெயரில்லை' என்று ஒரே மூச்சில் நிரப்பினார். மறுநாள் வரவேற்பு அக்கா திரையைப் பார்த்து, "பெயரில்லை, உள்ள வாங்க" என்றார். மூன்று பேர் எழுந்தார்கள். ஒருவர் கையில் ஆமை.

கட்டம் அந்தப் 'பெயரில்லை'களையெல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொரு வீடாகக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"பூனைன்னுதான் கூப்பிடுவோம், தம்பி."

"அப்படிக் கூப்பிட்டா தெருப் பூனையெல்லாம் வந்துடாதா, ஐயா?"

"எங்க வீட்டுப் பூனையே வராது."

"நாலு மணிக்குள்ள ஒரு பேர் சொல்லுங்க. இல்லன்னா நானே ஒண்ணு போட்டுடுவேன்."

இதே மிரட்டல் எல்லோருக்கும். பயந்துபோய் ஒருவர் முயலுக்கு மாமியார் பெயரை வைத்தார்.

ஒரே ஒரு பதிவு மிச்சமிருந்தபோது, தோளில் குழந்தையோடு கட்டத்தின் மனைவி வந்து நின்று, அந்த மிரட்டலை முழுதாகக் கேட்டார். குழந்தை பிறந்து இருபத்தொரு நாள். இன்னும் வெறும் பாப்பாதான். கட்டம் இருநூறு பெயர்களுக்குப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மனைவி பிறப்புப் பதிவுப் படிவத்தை மேசையில் வைத்தார்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்கு ஆபீஸ மூடிடுவாங்க."

"நாலு பேர்ல வந்து நிக்குதும்மா, இன்னும் ரெண்டு நாள்…"

"நாலு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா நானே ஒண்ணு போட்டுடுவேன்."

வரவேற்பு அக்காவுக்கு இருமல் வந்தது.

மூன்று ஐம்பதுக்குக் கடைசிப் பூனைக்கும் பெயர் கிடைத்தது. பூட்டு விழுந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் மெதுவாக ஒரு பெயர் சொன்னார். குழந்தை கொட்டாவி விட்டது.

"முதல் நாளே நான் சொன்ன பேராச்சே" என்றார் மனைவி. "அப்ப என்ன குறை சொன்னீங்க?"

"ரெண்டே எழுத்து." அவர் படிவத்தைக் காட்டினார். "மிச்சக் கட்டமெல்லாம் காலியா நிக்குமேன்னு…"

மனைவி பேனாவை நீட்டினார். கட்டம் இரண்டு எழுத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். பேனாவின் மூடி மேசையிலேயே கிடந்தது.