எனக்கு மட்டும் வந்த அம்மை

போன வெள்ளிக்கிழமைதான் எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். ஆமாம், அம்மைதான். பெரியம்மை! ஐந்து வாரமாக இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

"அம்மை குத்திக்கொள்ளுங்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்" என்று இதே இடத்தில் பக்கம் பக்கமாக எழுதினவனாயிற்றே, அவனுக்கா? சிரியுங்கள்... பாதகமில்லை.

கண்டிச் சீமையில், கடுகண்ணாவைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. ஆடி மாதம் அம்மை குத்துகிறவர் வந்தார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற கூலி ஆட்கள் பயந்து கோப்பிச் செடிகளுக்குள் ஒளிந்தார்கள். நான்தான் ஒவ்வொருவராகக் கூட்டி வந்தேன்.

"ஒரு கீறல்தானே... இதுக்கா பயம்?"

என் மனைவி செல்லமும் மகள் பொன்னியும் கையை நீட்டினார்கள். பழம் பறிக்கிற மாரியாயி மட்டும் கேட்டாள்: "ஐயா குத்திக்கலீங்களா?"

"எனக்குச் சின்ன வயசுலயே ஊர்ல குத்தியாச்சு."

பொய்! அந்தச் சின்னக் கத்தியைப் பார்க்கவே எனக்குப் பயம். கணக்கப்பிள்ளை, ஆட்கள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாமா? மானம் என்னாவது?

புரட்டாசியில் கண்டிச் சந்தைக்குப் போய் வந்தேன். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். அப்புறம் உடம்பெல்லாம் முத்து. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னைத் தனிக் குடிசைக்கு அனுப்பிவிட்டார். இமைகள் வீங்கி ஒட்டி, மூன்று நாள் கண் தெரியவில்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். செல்லம் கஞ்சியும் வேப்பிலையுமாகப் பக்கத்திலேயே இருந்தாள்.

"கிட்ட வராத. உனக்கும் ஒட்டிக்கும்."

"எனக்கு ஏன் ஒட்டப்போகுது? நீங்கதானே குத்திக்கச் சொன்னீங்க..." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, நெசமாவே உங்களுக்குச் சின்ன வயசுல குத்துனாங்களா?"

"இல்ல."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அழுதாள். கண் தெரியாமல் படுத்திருந்தவனுக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

தோட்டத்தில் வேறு ஒருவருக்கும் அம்மை வரவில்லை. என் பேச்சைக் கேட்ட அத்தனை பேரும் சுகம். கேட்காத ஒரே ஆள் – நான்.

பிழைத்துக்கொண்டேன். முகம்தான் பழையபடி இல்லை; பொன்னி முதல் நாள் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் போய் நின்றாள்.

நேற்று கண்டியிலிருந்து டாக்டர் வந்தார். என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிக்காமலே சொன்னார்:

"நல்லது பிள்ளை. இனி உங்களுக்கு அம்மை குத்த வேண்டிய அவசியமே இல்லை."