பார்க்கிங் லொட்டில் சொன்ன மறுப்பு

சீட்டிழுப்பு என்று எதிலும் எனக்கு ஒருநாளும் ஒன்றும் விழுந்ததில்லை. கோயில் திருவிழாவில் விற்கிற ரிக்கற்றில் ஒரு குத்துவிளக்குக்கூட விழாத கை இது. அப்படிப்பட்ட எனக்கு நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்காபரோவில் பஸ் ஓடும் வழிகளை மாற்றப் போகிறார்களாம். அரசியல்வாதிகள் மட்டும் இருந்து தீர்மானிக்காமல், சாதாரண சனத்தைக் குலுக்கிப் போட்டு முப்பத்தாறு பேரை எடுத்து, ஐந்து சனிக்கிழமை கதைக்க வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்கப் போகிறார்களாம். குலுக்கியதில் என் விலாசம் விழுந்திருந்தது.

மகனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"உது ஸ்காம் அம்மா. குப்பையில போடுங்கோ. ஒருத்தருக்கும் சின் நம்பர், பாங்க் நம்பர் ஒண்டும் குடுத்திடாதேங்கோ" என்றான்.

அவன் நகரத்துக்கு வெளியே வடக்கில், ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போயிருந்தான். என் கணவர் செத்த நாளிலிருந்து கிழமைக்கு ஒருமுறை ஒரே பல்லவி: "பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு, வந்து இருங்கோவன்." நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஸ்காபரோவில், வோபர்னில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற் இருந்தது. ஸ்ரீல்ஸ் வீதிக்கு அந்தப் பக்கம், மார்க்கம் நகரில், பேக்கரிப் பாண் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை இருந்தது. விடிய ஐந்து மணிக்கு முன்னமே கட்டடத்தடியில் வந்து நிற்கும் பஸ் இருந்தது. எனக்குக் கார் ஓடத் தெரியாது. அந்த பஸ் ஓடும்வரை, என்னைக் கொண்டுபோய் விடு என்று நான் ஒருவரிடமும் பல்லிளிக்கத் தேவையில்லை. பஸ் நின்றால் வேலை போகும், வேலை போனால் வாடகை கட்ட ஏலாது, பிறகு மகன் வீட்டு பேஸ்மென்ற்தான். ஆகவே ஜனநாயகத்தை வளர்க்கவெல்லாம் நான் போகவில்லை. என் பஸ்ஸைக் காப்பாற்றத்தான் போனேன்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். வட்ட மேசைகள், கோப்பி, வெட்டிய பழம். நேர்ஸ் வேலை செய்கிற பெண் ஒருத்தி, ஓய்வுபெற்ற தபால்காரர், பல்கலைக்கழகப் பிள்ளைகள், டக்ஸி ஓட்டுகிறவர் என்று கதம்பமாக இருந்தார்கள். முதல் நாள் என் மேசையில் இருந்த ஒரு கிழவர், "நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடுவீர்கள்?" என்று கேட்டு, நான் சொன்ன நேரத்தைத் தாளில் எழுதினார். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருசம். இமிகிரேசனையும் சுப்பவைசரையும் தவிர ஒருவரும் நான் சொல்லி எதையும் எழுதியதில்லை. அன்றைக்கு மனம் குளிர்ந்துதான் போனது, பொய் சொல்லவில்லை.

என்னைத் தவிர இன்னும் ஒரு தமிழர் இருந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், கொம்பியூட்டர் வேலை. வேறு மேசை. முதல் நாள் முடிந்து நான் பஸ் தரிப்பில் நிற்கக் கண்டு காரை நிறுத்தினான்.

"ஆன்ட்டி, இந்தக் குளிர்ல ஏன் நிக்கிறீங்க? ஏறுங்க, நான் டிராப் பண்றேன்."

"வேண்டாம் தம்பி, உங்களுக்கேன் கரைச்சல்."

"ஒரு கரைச்சலும் இல்ல ஆன்ட்டி, ஏறுங்க."

அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமையும் அவனே வந்து ஏற்றினான், அவனே கொண்டுபோய் விட்டான். காரில் ஊர்ப்புதினம், அவனுடைய அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் கதைத்தோம். என் பஸ்ஸைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை. சொன்னால், தினமும் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று ஒரு வெட்கம்.

நாலாவது சனிக்கிழமை அவனுடைய மேசை ஒரு பரிந்துரை கொண்டுவந்தது. அழகாகப் படம் போட்டு அவன்தான் விளங்கப்படுத்தினான். சுற்றி வளைந்து ஓடுகிற இரண்டு சின்ன பஸ்களை ஒன்றாக்கி, பெரிய வீதியில் அடிக்கடி ஓட விடலாம். விடியப்புறத்தில் ஆளே இல்லாமல் ஓடுவதை நிறுத்தி, ஆறரைக்குத் தொடங்கலாம். என் பஸ் அந்த இரண்டில் ஒன்று. ஆளே இல்லை என்றால், கோதாரி, ஏழு வருசமாக அதில் ஏறின நான் பேயா? அன்றைக்கும் காரில் அவனுடைய அம்மாவின் முழங்காலைத்தான் விசாரித்தேன்.

கடைசிச் சனிக்கிழமை வாக்கு. கூட்டத்தை நடத்திய பெண் ஆளுக்கு மூன்று அட்டை தந்தாள். பச்சை என்றால் சம்மதம். மஞ்சள் என்றால் அரைமனம். சிவப்பு என்றால் ஏற்க முடியாது. ஒரேயொரு சிவப்பு வந்தாலும் நிறுத்தி, அவர் சொல்வதைக் கேட்டுத் திரும்பக் கதைப்போம் என்று இரண்டு தரம் சொன்னாள். இதைவிட என்ன வேண்டும்? வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டதுபோல் கேட்டார்கள்.

நான் பச்சையைத் தூக்கினேன்.

விசரி என்று நீங்கள் சொல்ல முதல் எங்கள் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயில் கூட்டமோ, ஊர்ச் சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ, உள்ளே ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், எல்லோரும் கை தூக்குவோம். ஒருவரையும் முகத்துக்கு நேரே முறிப்பதில்லை. அதுவும் எங்களைக் காரில் ஏற்றி இறக்குகிற பிள்ளையை, முப்பத்தாறு பேருக்கு முன்னால் மறுத்துச் சிறுமைப்படுத்துவதா? உண்மையான கூட்டம் அதற்குப் பிறகு பார்க்கிங் லொட்டில் நடக்கும். அங்கே காருக்குக் கார் நின்று, "உது சரிவராது கண்டியளோ" என்று தலைவரின் காதில் போட்டால், திங்கட்கிழமைக்குள் அவர் நாலு பேருக்குப் போன் எடுத்து விசயத்தை மாற்றிவிடுவார். பாதிக் கோயில் அப்படித்தான் கட்டி முடிந்தது. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து, அந்தப் பெண் தன் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கையில் போய்ப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன். என் பஸ், என் வேலை, என் வாடகை. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆனால் நீங்கள் பச்சை காட்டினீர்களே?"

"ஓம். அது அவருக்கு மரியாதைக்கு. இப்ப உங்களுக்குச் சொல்லுறன், நீங்கள் மாத்திவிடுங்கோ."

பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னால் ஒரு எழுத்தும் மாற்ற முடியாது, மாற்றினால் மற்ற முப்பத்தைந்து பேருக்கும் செய்கிற துரோகம் என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இந்தச் சனம் உள்ளே சொன்னதையே கணக்கில் எடுக்கிற சனம். தூரத்தில் தம்பி காரைச் சூடாக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். அன்றைக்கும் அவனுடைய காரில்தான் வீட்டுக்கு வந்தேன், அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் மொத்தம் பதினாலு பரிந்துரை கொடுத்தோம். தரிப்பிடங்களில் கூரையும் ஆட்கள் இருக்க வாங்குகளும், முதியவர்களுக்குக் கட்டணச் சலுகை, பனி வழிக்கிற ஒழுங்கு, இன்னும் என்னவோ. அறிக்கையை நகரசபை நன்றியோடு பெற்றுக்கொண்டதாம். உடனே நடைமுறைக்கு எடுத்தது ஒன்றே ஒன்று. எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை. வெட்டுகிறதென்றால் அவர்களுக்கு அவ்வளவு விருப்பம், கொடுக்கிறதெல்லாம் ஆய்வில் இருக்கிறது.

நான் சும்மா விடவில்லை. வேலைக்கு லீவு போட்டு, நகரசபைக் கமிற்றியில் பேசப் பெயர் கொடுத்து, ஐந்து நிமிடம் வாங்கினேன். இந்த முறை முகத்துக்கு நேரேயே சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்தேன். நடுவில் இருந்த கவுன்சிலர் நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்.

"இதை நாங்கள் முடிவு செய்யவில்லை, அம்மா. குலுக்கலில் வந்த பொதுமக்கள் சொன்னது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை என்று அறிக்கையில் இருக்கிறது. நீங்களும் அந்த முப்பத்தாறு பேரில் ஒருவர்தானே?"

"யேஸ்" என்றேன். மணி அடித்தது, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பனிமாரி தொடங்க பஸ்ஸை நிறுத்தினார்கள். மூன்று கிழமை டக்ஸி பிடித்துப் பார்த்தேன், உழைப்பு அதற்கே போனது. பிந்தின சிஃப்ற் கேட்டேன், இல்லை என்றார்கள். அப்பார்ட்மென்ற்றைக் கைவிட்டு, மகனின் வான் வண்டியில் என் சாமான்களை ஏற்றி ஸ்ரௌவ்வில்லுக்கு வந்தேன். எல்லாம் ஒரே தடவையில் கொண்டுவந்தாயிற்று. இங்கே எங்கே போவதென்றாலும் கார். கோயிலுக்கென்றாலும் மருந்துக்கென்றாலும், மகன் எப்போது ஓய்வாக இருப்பான் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறை ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் தம்பி விலாசம் கேட்டு, இனிப்புப் பெட்டியோடு பார்க்க வந்தான். வோபர்ன் பக்கம் போனபோது என் கட்டடத்தில் யாரோ சொல்லி, ஏன் இடம் மாறினேன் என்று அறிந்திருக்கிறான். சோபாவின் விளிம்பில் இருந்துகொண்டு இனிப்புப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான்.

"ஆன்ட்டி, அது உங்க பஸ்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அஞ்சு வாரம் பக்கத்துல உக்காந்து வந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே கிழிச்சுப் போட்டிருப்பேன்."

"தெரியும் தம்பி" என்றேன்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

உன்னை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தேன் என்றா சொல்வது? தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழும்பி மருமகளின் குசினிக்குள் போய் கேத்திலை வைத்தேன். பிறகு மாடிப்படியடியில் வந்து நின்று, மருமகளைக் கூப்பிட்டு, சீனி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.